கியர் விழலையா? உடனே ஸ்க்ரூவைத் திருகாதீங்க!

எங்கள் கலசப்பாக்கத்தில் இப்போது கியர் சைக்கிள் இல்லாத தெருவைப் பார்ப்பது கஷ்டம். அதில் கியர் ஒழுங்காக விழுகிற சைக்கிள் எத்தனை என்று கேட்டால் பிள்ளைகள் சிரிப்பார்கள். வாங்கிய புதிதில் லீவரை அழுத்தினால் ‘டிக்’ என்று மாறும். ஆறு மாதம் போனால் எவ்வளவு அழுத்தினாலும் செயின் அசையாது. இல்லையென்றால் யாரும் கேட்காமலே தானாக மாறும். மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் ‘டொக்’கென்று வழுக்கும். அதன்பின் அந்தச் சைக்கிள் திண்ணையோரம் சாய்ந்துவிடும். ஈரத் துண்டு காயப்போடத்தான் பயன்படும்.

சமதரையில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. எங்களுக்கு அப்படி இல்லை. ஊருக்கு மேற்கே பர்வதமலை. அதற்கும் பின்னால் ஜவ்வாது மலை. கடலாடி, மேல்சோழங்குப்பம், மிருகண்டா அணை என்று மேற்கே எந்தப் பக்கம் போனாலும் சாலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகிற சாலையோ வளைந்து வளைந்து மலைமேலேயே ஏறிவிடும். இங்கே கியர் வேலை செய்யவில்லை என்றால் பாதி வழி சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும்.

என் தம்பி வீடு கடலாடிப் பக்கம். அவன் மகன் பதினொன்றாம் வகுப்பு, வயது பதினாறு. பள்ளிக்கூடம் கலசப்பாக்கத்தில். காலையில் சைக்கிள் இறக்கத்தில் தானாக வரும். சாயங்காலம் திரும்பிப் போகும்போது முழுக்க ஏற்றம். முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்று இருபத்தொரு கியர் உள்ள சைக்கிள். அந்த இருபத்தொன்றில் மூன்றோ நாலோதான் விழுகிறது என்றான் பையன். கொஞ்ச நாளில் அவன் கண் அப்பாவின் மோட்டார் பைக் மேல் போய்விட்டது.

தம்பி ஒருநாள் போன் செய்தான். “அக்கா, பையன் கால் வலிக்குதுங்கறான். சைக்கிளும் சரியில்ல. பைக்லயே போகட்டும்னு பாக்கறேன். நம்ம ரோட்டுல போலீஸ் எங்க நிக்கறாங்க?”

எனக்குத் திக்கென்றது. போலீஸ் நிற்பதும் நிற்காததும் இருக்கட்டும். கரும்பு டிராக்டரும் பஸ்ஸும் போகிற சாலையில் பதினாறு வயசுப் பையன் கையில் அந்த வண்டியைக் கொடுப்பதா? சட்டமும் லேசானது இல்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவின்படி, 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடைக்காது.

“ஒரு வாரம் பொறு. ஞாயித்துக்கிழமை சைக்கிளை எடுத்துக்கிட்டு பையனை இங்க அனுப்பு” என்றேன்.

அப்படிச் சொல்ல எனக்கு ஒரு தைரியம் உண்டு. அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவர். மணிக்கணக்கில் நோட்டில் பெயர் எழுதி சைக்கிள் கொடுத்த காலம் அது. அம்பத்தூரிலிருந்து வந்த ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் வரிசையாக நிற்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் போக்ஸ் கம்பி இறுக்குவதும் கோட்டம் எடுப்பதும்தான் எனக்கு விளையாட்டு. அப்பா ஸ்பேனரை எடுத்தவுடன் கையில் கொடுக்கமாட்டார். “முதல்ல சக்கரத்தைச் சுத்திவிட்டுப் பாரு. எங்க உரசுது, எங்க தளருதுன்னு தெரிஞ்சுக்கோ. அப்புறம் கை வை” என்பார். கியர் சைக்கிளை அவர் தொட்டதில்லை. ஆனால் அவர் சொன்ன முறை கியருக்கும் அப்படியே பொருந்துகிறது.

இழுப்பது ஒயர், திருப்புவது ஸ்பிரிங்

பின் சக்கரத்தருகே இரண்டு சின்ன உருளைகளோடு தொங்குகிறதே, அதற்கு டிரெய்லர் என்று பெயர். லாரிக்குப் பின்னால் வருகிற டிரெய்லர் இல்லை. தடம் புரளச் செய்வது என்ற பொருளில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர் நம் வாயில் இப்படி ஆகிவிட்டது. வேலையும் அதுதான். ஓடுகிற செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து வேண்டுமென்றே தடம் புரட்டி அடுத்த பல்சக்கரத்தில் உட்காரவைக்கும்.

இதற்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. பெரும்பாலான சைக்கிளில் அது செயினை எப்போதும் சின்னப் பல்சக்கரத்தின் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். நாம் லீவரை அழுத்தும்போது ஒயர் அதை எதிர்ப்பக்கம், பெரிய பல்சக்கரத்தை நோக்கி இழுக்கும். இந்த இழுபறிதான் கியர்.

இது புரிந்தால் பாதி வியாதி பிடிபட்டுவிடும். செயின் சின்னதிலிருந்து பெரிசுக்கு ஏறத் தயங்கினால் ஒயர் தளர்ந்திருக்கிறது. பெரிசிலிருந்து சின்னதுக்கு இறங்கத் தயங்கினால் ஒயர் அளவுக்கு மேல் இறுகியிருக்கிறது, அல்லது ஒயர் ஓடும் குழாய்க்குள் அழுக்கு சேர்ந்து ஸ்பிரிங்கால் ஒயரை இழுத்துக்கொள்ள முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பையன் வந்தான். சைக்கிள் அதற்குள் இரண்டு கடைகளைப் பார்த்திருந்தது. ஒரு கடையில் டிரெய்லரில் உள்ள ஸ்க்ரூவைத் திருகி அனுப்பியிருக்கிறார்கள். இன்னொரு கடையில், “இதெல்லாம் கழட்டிப் போட்டுட்டு ஒத்தைப் பல்சக்கரம் மாட்டிக்கோ தம்பி, தொல்லையே இருக்காது” என்றார்களாம். காலமெல்லாம் கியர் இல்லாத சைக்கிளையே பார்த்துப் பழகிய கைகள் அவை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

“அத்தை, இந்த ஸ்க்ரூவை இன்னும் கொஞ்சம் திருகிப் பாக்கலாமா?” என்றான்.

“அதைத் தொடாத. முதல்ல சைக்கிளைத் தொங்கவிடு.”

மாட்டுக்கொட்டகை உத்தரத்தில் கயிறு போட்டு சீட்டைக் கட்டித் தூக்கினோம். பின் சக்கரம் தரையைத் தொடாமல் சுற்றவேண்டும், அவ்வளவுதான். புளியமரக் கிளையும் போதும். வீட்டில் இன்னொருவர் சீட்டைத் தூக்கிப் பிடித்தாலும் போதும்.

முதலில் கண்ணால் பாருங்கள்

சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து, கண்ணை டிரெய்லரின் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலே பல்சக்கரம், கீழே இரண்டு உருளைகள். மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கவேண்டும். பையனின் சைக்கிளில் கீழ் உருளை கம்பிப் பக்கமாக உள்ளே சாய்ந்திருந்தது.

டிரெய்லர் தொங்குவது ஹேங்கர் என்ற சின்னத் துண்டில். சட்டத்தின் வலதுபக்கம் காதுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். சைக்கிள் வலதுபக்கமாக விழுந்தால் முதல் அடி அதற்குத்தான்.

“எப்பவாச்சும் வலதுபக்கமா விழுந்துச்சா?”

“இல்லியே அத்தை” என்றவன், கொஞ்சம் யோசித்துவிட்டு, “திருவண்ணாமலையில வாங்கி மினி லாரியில படுக்கவெச்சு எடுத்து வந்தோம். மேல சிமெண்ட் மூட்டை இருந்துச்சு” என்றான்.

அதுதான். வாங்கிய அன்றே காது வளைந்திருக்கிறது. இது வளைந்திருந்தால் ஒயரை என்ன செய்தாலும் ஏழு கியரும் ஒழுங்காக விழாது. இரண்டு சரியானால் இரண்டு கெடும்.

இந்தச் சைக்கிளில் சட்டமும் ஹேங்கரும் இரும்பு. டிரெய்லரைப் பிடித்திருக்கும் போல்ட்டில் எல்-கீயை நுழைத்து, மெல்ல வெளிப்பக்கம் இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் பின்னால் போய் உட்கார்ந்து பார்த்தோம். நாலாவது தடவையில் நேராக வந்தது. அலுமினியத்தில் இப்படிச் செய்தால் விரிசல் விடலாம். நிறைய அலுமினியச் சைக்கிள்களில் ஹேங்கரைத் தனியாகக் கழற்றி மாற்ற வழி இருக்கும். அதை மாற்றுவதுதான் நல்லது. சைக்கிளுக்குச் சைக்கிள் அதன் வடிவம் மாறும் என்பதால் பழையதைக் கையில் எடுத்துப்போய்த்தான் வாங்கவேண்டும்.

இதோடு பின் சக்கரம் சட்டத்தில் நேராக உட்கார்ந்திருக்கிறதா, நட்டு இறுக்கமா என்றும் பாருங்கள். பஞ்சர் ஒட்டிய பிறகு கியர் கெட்டது என்றால் பெரும்பாலும் சக்கரம் கோணலாக மாட்டியிருக்கும்.

அந்த இரண்டு ஸ்க்ரூக்கள்

டிரெய்லரில் எச், எல் என்ற எழுத்துகளோடு இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள் இருக்கும். கியர் விழவில்லை என்றதும் எல்லோருடைய கையும் அங்கேதான் போகும். உண்மையில் நடுவில் உள்ள கியர்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. இவை இரண்டு முனைகளிலும் போட்ட வேலி. எச் ஸ்க்ரூ, செயின் சின்னப் பல்சக்கரத்தைத் தாண்டி வெளியே விழாமல் தடுக்கும். எல் ஸ்க்ரூ, பெரிய பல்சக்கரத்தைத் தாண்டி உள்ளே போக்ஸ் கம்பிக்குள் விழாமல் தடுக்கும்.

பையனைப் பெடலைச் சுற்றச் சொல்லிவிட்டு, டிரெய்லரைக் கையால் மெதுவாக உள்ளே தள்ளினேன். பெரிய பல்சக்கரத்தில் நிற்கவேண்டிய செயின் அதையும் தாண்டிக் கம்பியை உரசப் போனது. செயின் பெரிசுக்கு ஏறவில்லையே என்று யாரோ எல் ஸ்க்ரூவைத் தாராளமாகத் தளர்த்தியிருக்கிறார்கள்.

இதுதான் பயப்படவேண்டிய இடம். ஒயர் தளர்ந்து இருந்ததால் இத்தனை நாள் ஒன்றும் நடக்கவில்லை. யாராவது நல்லெண்ணத்தோடு ஒயரை மட்டும் இழுத்துக் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடலாடி ஏற்றத்தில் பையன் எழுந்து நின்று மிதிக்கும்போது செயின் கம்பிக்குள் விழுந்திருக்கும். டிரெய்லரும் உள்ளே இழுபட்டு சக்கரம் பூட்டிக்கொண்டிருக்கும். பின்னால் பஸ் வந்துகொண்டிருந்தால்? பையனுக்கு அதைக் காட்டினேன். அவன் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல் ஸ்க்ரூவை வலப்புறம் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினோம். கையால் எவ்வளவு தள்ளினாலும் செயின் பெரிய பல்சக்கரத்தோடு நிற்கவேண்டும். அந்த அளவு வந்ததும் நிறுத்திவிட்டோம். அதோடு அந்த ஸ்க்ரூவுக்கு வேலை முடிந்தது. ஹேங்கரை நேராக்காமல் இதைச் செய்யக்கூடாது. வேலியை வைத்துவிட்டு நிலத்தை நகர்த்தின கதை ஆகிவிடும்.

குழாய்க்குள் ஆற்று மணல்

அடுத்தது ஒயர். செயினைச் சின்னப் பல்சக்கரத்தில் விட்டு, சட்டத்தின் ஓரமாக வெளியே தெரிகிற ஒயரை விரலால் இழுத்து விட்டேன். டிரெய்லர் உள்ளே போனது. திரும்பி வரும்போது நோயாளி எழுந்து வருவதுபோல் மெதுவாக வந்தது. சட்டென்று திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் மேல்குழாய்க்குள் அழுக்கு.

ரதசப்தமி அன்று அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து எங்கள் ஊர்ச் செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். அன்று ஆற்றங்கரையில் பெருங்கூட்டம் கூடும். பையனும் சிநேகிதர்களும் சைக்கிளை மணலில் இறக்கி ஆட்டம் போட்டிருக்கிறார்கள். பிறகு பக்கெட் தண்ணீரை ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். தண்ணீரோடு மணலும் குழாய்க்குள் போயிருக்கிறது. உள் ஒயரை உருவினால் துருவும் மணலுமாக வந்தது. ஒரு முனையில் இரண்டு இழை அறுந்தும் இருந்தது.

உள் ஒயர், மேல்குழாய் இரண்டையும் புதிதாக மாற்றினோம். இருநூறு ரூபாய்க்குள் முடிந்தது. எண்ணெய் விட்டு ஓட்டப் பார்ப்பதைவிட இது மேல். மேல்குழாயை வெட்டும்போது முனை நசுங்காமல் நேராக இருக்கவேண்டும். முனையில் தொப்பி போடவேண்டும். வளைவு ரொம்பக் குறுகலாக இருக்கக்கூடாது.

மூன்று மில்லிமீட்டர் விவகாரம்

பிரான்ஸ் நாட்டின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் தி பிரான்ஸ் 1903-ல் தொடங்கியது. அங்கே வீரர்களுக்கு டிரெய்லர் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது 1937-ல்தான். அதற்கு முன் மலை வந்தால் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கத்தில் உள்ள பல்சக்கரத்துக்குத் திருப்பி மாட்டி ஏறுவார்கள். டிரெய்லர் வந்த பிறகும் லீவரில் ‘டிக்’ கிடையாது. கை அறிந்து இழுத்து, காது கேட்டு நிறுத்தவேண்டும். ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1984-ல் கொண்டுவந்த பந்தயச் சைக்கிள் கியருக்குப் பிறகுதான் ஒரு ‘டிக்’குக்கு ஒரு கியர் என்ற முறை உலகமெல்லாம் பரவியது.

வசதி வந்தது, கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. பையனுடையதுபோல ஏழு கியர் உள்ள சைக்கிளில் ஒவ்வொரு ‘டிக்’குக்கும் லீவர் இழுக்கும் ஒயர் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். அதில் 1 மில்லிமீட்டர் தளர்ந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. செயின் இரண்டு பல்சக்கரத்துக்கு நடுவில் நின்று கடகடக்கத்தானே செய்யும்?

அதைச் சரிசெய்யத்தான் ஒயர் டிரெய்லருக்குள் நுழைகிற இடத்தில் விரலால் திருகக்கூடிய சின்ன உருளை ஒன்று இருக்கிறது. லீவர் பக்கத்திலும் ஒன்று இருக்கலாம். கருவி எதுவும் வேண்டாம். சைக்கிளுக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது டிரெய்லரில் உள்ளதை இடப்புறமாகத் திருகினால் ஒயர் இறுகும். வலப்புறம் திருகினால் தளரும். சின்னப் பல்சக்கரத்தில் தொடங்கி ஒரு ‘டிக்’ போடுங்கள். இரண்டாவதுக்கு ஏறவில்லையா? இடப்புறம் கால் சுற்று. ஏறி, மூன்றாவதை உரசிச் சத்தம் போடுகிறதா? வலப்புறம் கால் சுற்று. இப்படி ஒவ்வொன்றாக ஏழு வரை போய்த் திரும்பி வாருங்கள்.

பையனையே திருகச் சொன்னேன். அரைமணி நேரம் ஆனது. ஏழும் ஏறி, ஏழும் இறங்கியபோது அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

செயினுக்கும் வயசு உண்டு

எல்லாம் சரியாக இருந்தும் மேட்டில் மிதித்தால் வழுக்குகிறது என்றால் செயின் தேய்ந்திருக்கலாம். செயினில் ஆணிக்கு ஆணி அரை அங்குலம். ஸ்டீல் டேப்பை எடுத்து, ஓர் ஆணியின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். அதிலிருந்து 24-வது ஆணி சரியாக 12 அங்குலத்தில் நிற்கவேண்டும். பதினாறில் ஒரு பங்கு அங்குலம் தள்ளி நின்றால் செயினை மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தள்ளிவிட்டால் செயினோடு சேர்ந்து பல்லும் தேய்ந்திருக்கும். ப்ரீவீலையும் மாற்றவேண்டி வரும். தேய்ந்த பல்லில் புதுச் செயின் போட்டால் இன்னும் மோசமாக வழுக்கும். பையனின் செயின் தப்பித்தது.

மிச்சமெல்லாம் ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. மேடு தொடங்கும் முன்பே கியரை மாற்றிவிட வேண்டும். பாதி மேட்டில் மூச்சு முட்ட மிதித்துக்கொண்டே லீவரை அழுத்தக்கூடாது. மாற்றும் அந்த ஒரு நொடி காலின் அழுத்தத்தைக் குறைத்து, பெடலை மட்டும் சுற்றவேண்டும். நிற்கிற சைக்கிளில் லீவரை அழுத்தி விளையாடக்கூடாது. முன்னால் பெரிசு, பின்னாலும் பெரிசு என்று போட்டால் செயின் கோணலாக இழுபடும். மணலில் ஓட்டினால் செயினைத் துணியால் துடைத்து, ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததையும் துடைத்துவிட வேண்டும். சைக்கிளை எங்காவது படுக்கவைக்க நேர்ந்தால் இடதுபக்கமாகப் படுக்கவையுங்கள்.

அன்று சாயங்காலம் பையன் சைக்கிளிலேயே வீட்டுக்குப் போனான். தம்பி இரவு போன் செய்தான். “எங்கயும் இறங்கித் தள்ளலையாம் அக்கா. பைக் பேச்சையே எடுக்கல” என்றான். சாவியைக் கொடுப்பதில்லை என்று அவனிடம் வார்த்தை வாங்கிக்கொண்டேன். பரீட்சை முடிந்ததும் ஜமுனாமரத்தூர் போகவேண்டும் என்று பையன் கேட்டிருக்கிறான். தம்பி பைக்கில் பின்னாலேயே வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.

பத்து நாள் கழித்துப் பையனே கூப்பிட்டான். காற்று இரைச்சல் பலமாகக் கேட்டது.

“அத்தை, மிருகண்டா அணைக்கு வந்திருக்கோம். வழியில மறுபடி நாலாவது கியர் ஏறல.”

புது ஒயர் போட்டால் முதல் சில நாளில் குழாய் முனைகள் நன்றாக உட்கார்ந்து ஒயர் கொஞ்சம் தளரும். அது வழக்கம்தான். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனே தொடர்ந்தான்.

“ஒயர் உக்காந்திருக்கும்னு இடப்பக்கம் கால் சுத்து திருகினேன். ஏறிடுச்சு. கூட வந்தவனோடதும் ஏறல. அவன் சைக்கிளுக்குப் பின்னாடி உக்காந்து பாத்தேன். காது வளைஞ்சிருக்கு அத்தை. ஞாயித்துக்கிழமை அவனைக் கூட்டிட்டு வரட்டுமா?”

“கூட்டிட்டு வா. அதுவரைக்கும்...”

“ஸ்க்ரூவைத் தொடக்கூடாது. சொல்லிட்டேன் அத்தை.”